ஒன்றேகால் கிலோ சூடு

காலையில் ஆறரை மணிக்கு நீ குழாயைத் திருகி ஆவி பறக்கத் தலையில் ஊற்றிக்கொள்கிறாயே, அது வெந்நீர் இல்லை. அது என் தம்பி ஏகாம்பரத்தின் உடம்புச் சூடு. தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். நான் வந்து உன் வாசலில் நின்று சொன்ன பிறகும் நீ குளித்தாய், மறுநாளும் குளித்தாய், இன்று காலையும் குளித்தாய். அதற்குப் பெயர் திருட்டு. உன் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன், எழுதினால் பேனா கூசும். அன்றைக்கு உன்னை மூச்சுக்கு முந்நூறு தரம் சார் என்று கூப்பிட்டேன். இன்றைக்கு நீ எனக்கு வெறும் நீ.

நான் தேசம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பின்னால், பழைய ஏசி உடைக்கிற சந்தில் கடை வைத்திருப்பவள். இடிக்கப்போகிற ஓட்டலோ மூடிப்போன கம்பெனியோ, எங்கே ஏசி கழற்றினாலும் முதல் ஆளாகப் போய் நின்று விலை பேசுகிறவள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, மிச்சப் பாடத்தை என்னை ஏமாற்றினவன் ஒவ்வொருத்தனும் சொல்லிக்கொடுத்தான். நான் பேசி முடிப்பேன், தம்பி ஏகாம்பரம் கழற்றி முடிப்பான். எங்கள் வீட்டில் வாய் எனக்கு, கை அவனுக்கு.

பழைய ஏசிக்குள் இருக்கிற கேஸைச் சும்மா காற்றில் ஊதிவிடக் கூடாது, மிஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற சிலிண்டர் சுடும், சுடச்சுட உள்ளே அழுத்தம் கூடும், கூடக்கூட மிஷின் கிழட்டு மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும், ஆறும் வரை ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அரை நாள் போய்விடும். ஏகாம்பரம் என்ன செய்தான், ஐம்பதடி தாமிரக் குழாயை எங்கள் சந்து மின்கம்பத்தைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கினான், பாதியாய் அறுத்த நீல டிரம்முக்குள் அதை இறக்கினான், டிரம் நிறைய ஐஸ் தண்ணீர் ஊற்றினான், மிஷினிலிருந்து சீறி வருகிற கேஸை அந்தச் சுருள் வழியாகச் சுற்றவிட்டு சிலிண்டருக்கு அனுப்பினான். கேஸ் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து திரவமாகி, சிலிண்டருக்குள் சாதுவாகப் போய் உட்கார்ந்தது. அரை நாள் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஒரு மாதத்தில் சந்து முழுக்கச் சுருள். ஒருத்தன் வாஷிங்மெஷின் தொட்டியில் வைத்தான், ஒருத்தன் பிள்ளை குளிப்பாட்டுகிற டப்பில் வைத்தான், ஒருத்தன் பெண்டாட்டி சீதனமாய்க் கொண்டுவந்த அண்டாவில் வைத்துவிட்டு மூன்று நாள் சோறில்லாமல் கிடந்தான்.

அப்போதுதான் உன் ஆறு மாடி ஓட்டலை இடிக்கிற சேதி வந்தது. நாற்பத்திரண்டு ஏசி. தாமிரமும் அலுமினியமும் எனக்கு, கேஸ் உனக்கு என்று பேசி முடித்தேன். நீ காகிதத்தில் ஒரு வரி சேர்த்தாய்: சிலிண்டருக்குள் வந்து சேர்வது எல்லாம் உன்னுடையது. நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கேஸைத் தவிர என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பேரத்தில் ஜெயித்த கொழுப்பில் வாயையும் விட்டேன்: "மத்தவனுக்குப் பத்து நாளு சார். என் தம்பி சுருளு வெச்சா மூணே நாளு." நீ உடனே மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு இடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிட்டாய்.

கத்திரி வெயில். மூன்றாம் நாள் பத்து மணிக்கு ஐஸ் தீர்ந்துபோனது. புது ஐஸ் ஏற்றி வந்த ஆட்டோவை உன் கேட்டில் நிறுத்திவிட்டார்கள், பாஸ் இல்லையாம். நான் காவல்காரனிடம் கத்தினேன், கெஞ்சினேன், உனக்குப் போன் போட்டேன். "வேலையை முடிம்மா, ஐஸ் கதையெல்லாம் அப்புறம்" என்று வைத்துவிட்டாய். ஆறு பாளமும் ரோட்டிலேயே உருகிச் சாக்கடையில் கலந்தது. கடைசி மூன்று ஏசி பாக்கி. டிரம்முக்குள் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுட்டது.

"இன்னாடா பாத்துகினு நிக்கற? மணி பதினொன்னே முக்கால்!"

"சிலிண்டரு வாங்க மாட்டேங்குதுக்கா. தண்ணி சுடுது பாரு."

"வாங்க வை. நான் வாய் குடுத்துட்டேன்டா."

அவன் என்னைப் பார்த்தான். சுடுதண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி, ஈரச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் டிரம்முக்குள் இறங்கி முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுருளை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு மிஷினைப் போடச் சொன்னான். சூடுள்ள உடம்பு எதைக் குளிரவைக்கும்? ஐஸ் இல்லாத கோபத்தில் எவனும் செய்யாத முட்டாள்தனம் அது. நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பதினோரு நிமிஷம். மிஷின் ஒரு தடவைகூட இருமவில்லை. சாக்கின் மேல் வெள்ளை பூத்தது, அவன் மீசையில் வெள்ளை பூத்தது, அவன் சூடு எல்லாம் சுருளுக்குள் இறங்கி கேஸோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போனது. இடிப்பைப் பார்க்க வந்து நின்ற நீ, எங்கள் யாரையும் நம்பாமல் சிலிண்டர் வால்வை உன் கையாலேயே மூடினாய். எடை போட்டார்கள். மூன்று ஏசிக்கும் சேர்த்து இருக்கவேண்டிய எடைக்கு மேல் ஒன்றேகால் கிலோ இருந்தது. "லாபம்தான்" என்றாய். தொட்டால் சுட்டதால் உன் ஆட்கள் சிலிண்டரைத் துண்டு சுற்றித் தூக்கி வண்டியில் வைத்தார்கள். ஏகாம்பரம் டிரம்மிலிருந்து எழுந்து நீல உதட்டோடு, "முடிஞ்சுதுக்கா" என்றான்.

அன்று சாயங்காலம் ஏசிக் குழாயில் கவ்வவைத்துச் சூடு பார்க்கிற மீட்டரை அவன் மணிக்கட்டில் கவ்வவைத்தோம். பத்தொன்பது காட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மூன்று தெர்மாமீட்டர் மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றையும் குப்பையில் போட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "இவர் எப்படிம்மா பேசறார்?"

"தமிழ்லதான் டாக்டர்."

சளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சோறு தின்றான், பெண்டாட்டி நீலாவதியோடு சிரித்தான், அவள் ஏழு மாதக் கர்ப்பிணி, வயிற்றைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி பால் பாக்கெட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், சாயங்காலம் வரை திரியவில்லை. அதற்கு மறுநாள் இட்லி மாவு வந்தது, தக்காளிக் கூடை வந்தது, டீக்கடை ஜோதிலிங்கம் தன் சர்க்கரை ஊசி மருந்தை அவன் சட்டைப் பையில் சொருகிவிட்டு வேளாவேளைக்கு வந்து எடுத்துக்கொண்டான். வெயிலுக்குப் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் தரையில் வரிசையாய்ப் படுத்துத் தூங்கின. பிறகு மீன்காரி வெள்ளையம்மா வந்தாள். அவள் ஒருத்தி வந்தால் ஏலக்கூடமே வந்த மாதிரி. ஏகாம்பரத்தை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, சுற்றிலும் வஞ்சிர மீனையும் வவ்வால் மீனையும் அடுக்கிவிட்டு, "ஐஸ் கம்பெனிக்காரன் மூஞ்சியில இன்னிக்குத்தான் நான் நிம்மதியா துப்பினேன்" என்றாள். எந்த மெக்கானிக்கும் கேட்கவில்லை, இது எப்படி என்று. எந்தப் பொம்பளையும் கேட்கவில்லை, இது ஏன் என்று. எவ்வளவு நேரம், யாருக்கு முதலில் என்றுதான் கேட்டார்கள்.

சந்துக் கூட்டம் போட்டு முறை வைத்தார்கள். காலையில் மீன், பகலில் பால், பிற்பகலில் பூக்காரிகளின் மல்லிகை. ஆடி மாதத்தில் வலைக்காரர் துரைக்கண்ணு செத்தபோது பிணத்தை வைக்க ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, மகன் துபாயிலிருந்து வரவேண்டும். துரைக்கண்ணுவின் மச்சான் வந்து துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டே நாளு தேசம்மா. பக்கத்துல படுத்துக்கினா போதும்."

"செத்தவன் பக்கத்துலயா? என் தம்பி உசுரோட கீறான்யா!"

"அது யாரு இல்லேன்னா? உசுரோட இருக்கறதாலதான வந்து கேக்கறோம்."

ஏகாம்பரம் போய்ப் படுத்தான். யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாது அவனுக்கு, அதனால்தான் அவனுக்கும் சேர்த்து நான் சொல்லிவந்தேன். இரண்டு பகலும் வந்தவர்கள் எல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து மாலை போட்டார்கள், குழப்பத்தில் ஒரு கிழவி இரண்டு பேர் வாயிலும் அரிசி போட்டாள். அவன் அரிசியைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டான். அதற்குப் பிறகு சாவு விழுந்த வீட்டில் எல்லாம் அவனைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கூப்பிட்டும் வராவிட்டால் தப்பு என்றும் ஆகிவிட்டது.

மீட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. பதினான்கு, பதினொன்று, எட்டு. நீலாவதி அடுப்பில் செங்கல்லைச் சுடவைத்துத் துணி சுற்றி அவன் மடியில் வைப்பாள், இருபது நிமிஷத்தில் கல் சில்லிட்டுவிடும், அடுத்த கல்லை வைப்பாள். வெள்ளையம்மா வந்து கல்லை எடுத்துக் கீழே போட்டாள். "ஏம்மா, அவனுக்குச் சூடு வெச்சா என் மீனுக்கு யாரு பதில் சொல்றது?" சூடான கஞ்சி கூடாது என்றார்கள். வெயிலில் உட்காரக் கூடாது என்றார்கள். ஒவ்வொருத்தரும் நல்லவர்கள்தான். ஒவ்வொருத்தருக்கும் கெட்டுப்போகிற பொருள் ஒன்று கையில் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அத்தை என்ற முறைக்கு நான்தான் காதில் பெயர் சொல்லித் தொட்டிலில் போட்டேன், நறுமுகை என்று. அப்பன் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். அவன் மூச்சு பட்ட இடமெல்லாம் கம்பி வியர்த்தது. ஒரே ஒரு தடவை, நாங்கள் பார்க்காத நேரம், உள்ளே வந்து குழந்தையின் கன்னத்தில் ஒரு விரலை வைத்திருக்கிறான். குழந்தை வீறிட்டது. விரல் வைத்த இடத்தில் தோல் வெளுத்துக் கொப்பளித்து, ஆறின பிறகும் ஒரு மிளகளவு வெள்ளையாய் நிற்கிறது. அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் படுப்பதில்லை. பூனைகூட அண்டாத சிமெண்ட் மேடையில், மீன் கூடைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறான்.

இது உன்னால் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? நான் நாள் தவறாமல் அவன் சூட்டைச் சுவரில் எழுதி வைத்தேன். இறங்குவது எப்போதும் காலை ஆறரைக்கு. ஐப்பசியில் நான்கு நாள் மட்டும் இறங்கவே இல்லை, கல் மாதிரி ஐந்தில் நின்றது. எங்கள் சந்து முனையிலிருந்து உன் வீட்டுக்குச் சமைக்க வருகிற சகாயமேரி அந்த நான்கு நாளும் சீக்கிரம் வீடு திரும்பினாள். ஏன் என்று கேட்டேன்.

"ஐயா ஊர்ல இல்லக்கா. டெல்லி போயிருக்காரு."

"அவர் வீட்டுல ஒரு சிலிண்டரு கீதா? துண்டு சுத்தினது?"

"மொட்டைமாடில தண்ணித் தொட்டிக்குக் கீழ வெச்சிருக்காரே. அது எப்பவும் சுடும்க்கா. கீசரே போடறதில்ல. நாய்கூட அதுமேலதான் சாஞ்சிகினு தூங்குது. வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரிப்பாரு, ஓட்டலு இடிச்சப்ப கெடைச்ச புதையல்னு."

நான் சந்துக் கூட்டத்தைக் கூட்டினேன். போய்க் கேட்போம் வாருங்கள் என்றேன். வெள்ளையம்மாதான் வாயைத் திறந்தாள்: "உன் தம்பிக்கு இன்னாடி குறைச்சல்? திங்கறான், சிரிக்கிறான். மார்கழி முடியற வரைக்கும் பொறேன், சபரிமலைக்கு மாலை போட்டவனுங்க மீன் தின்ன மாட்டானுங்க, சரக்கு தேங்கும், அந்த நேரம் பாத்து அவனைச் சூடாக்கினா நாங்க எங்கடி போறது?"

"சைபருக்குப் போனா அவன் ரத்தம் உறைஞ்சிடும்டி."

"போவலையே இன்னும்."

ஜோதிலிங்கம் மெதுவாகச் சொன்னான்: "என் ஊசி மருந்துக்கு ரெண்டுலேர்ந்து எட்டுதான் கணக்கு. இப்ப சரியா கீது." சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். கூட்டம் கலைந்தது.

வெள்ளையம்மாவைத் திருப்பியது நான் இல்லை. மார்கழி இரண்டாம் நாள், மீன் அடுக்கும்போது கால் வழுக்கி, விழாமல் இருக்க ஏகாம்பரத்தின் கையைப் பிடித்தாள். ஈரக் கை ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வலித்தது, இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "ஆயா, மெதுவா இழு" என்று அவளுக்காகப் பயந்தான் அவன். உள்ளங்கைத் தோல் அவன் மணிக்கட்டிலேயே தங்கிவிட்டது. அவள் கத்தவில்லை. ரத்தக் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கூடையைக் காலால் எட்டி உதைத்து மீனைத் தெருவில் கொட்டிவிட்டு, "வாடி போலாம்" என்றாள். அவள் எழுந்தால் சந்தே எழும். எழுந்தது.

உன் வாசலுக்கு நாற்பது பேர் வந்தோம். நீ மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாய். அப்போதுதான் குளித்திருந்தாய். தோளிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, கன்னம் சிவந்திருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாய். காற்று எங்கள் பக்கம் அடித்தது. என் தம்பியின் வாசனை அடித்தது, தேங்காயெண்ணெயும் தாமிரக் குழாய் ஒட்டுகிற பற்றவைப்புப் பொடியும் கலந்த வாசனை, சின்ன வயதில் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்த எனக்குத் தெரியாத வாசனையா அது? உன் மேலிருந்து வந்தது.

நீ காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினாய். "நீ போட்ட கையெழுத்துதானேம்மா?" ஆமாம், நான் போட்டதுதான். அதற்கு மேல் பேசவேண்டியவள் நான், வாயால் பிழைத்தவள் நான், என்ன பேசினேன் தெரியுமா? தாமிரம் மொத்தத்தையும் திருப்பித் தருகிறேன் என்றேன். முடியாது என்றாய். அடுத்த மூன்று வருஷம் உன் கட்டடங்களில் கூலியில்லாமல் கழற்றித் தருகிறோம் என்றேன். முடியாது என்றாய். பாதிச் சூடாவது கொடு என்றேன். நீ சிரித்தாய். "வெந்நீருக்காக நாற்பது பேரா?" என்று உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சந்துப் பையன்கள் இரண்டு பேர் தொட்டி கழுவுகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு உன் மொட்டைமாடிக்கு வந்தார்கள். சிலிண்டரைத் தூக்கப் பார்த்தார்கள், தரையோடு வேர்விட்ட மாதிரி அசையவில்லை. வால்வைத் திறக்கப் பார்த்தார்கள், இரண்டடி ஸ்பானர் வளைந்ததே தவிர வால்வு திரும்பவில்லை. சகாயமேரி வேண்டிக்கொண்டு ஒரு நாள் முயன்றாள், கொப்புளத்தோடு வந்தாள். மூடின கைதான் திறக்க வேண்டும். ஏகாம்பரத்திடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. "நல்லா இறுக்கி மூடினாருக்கா அன்னிக்கு. நான் பாத்துகினுதான இருந்தேன்."

இன்று காலை மீட்டர் சைபருக்குக் கீழே அரை. "ரத்தத்துல உப்பு கீதுக்கா, மீன் தண்ணி மாதிரி, இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்று என்னைத் தேற்றுகிறான். அவன் இடது கைச் சுண்டுவிரலைத் தட்டினால் பீங்கான் சத்தம் கேட்கிறது. அவன் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் நான் பத்துவரை எண்ணிவிடுகிறேன். இப்போது யாரும் அவன் பக்கத்தில் எதையும் வைப்பதில்லை. வெள்ளையம்மா ஒரு கையால் ஐஸ் கம்பெனிப் பாளத்தை உடைத்துக்கொண்டிருக்கிறாள். துரைக்கண்ணுவின் மச்சான் விறகு கொண்டுவந்து போட்டான். சந்தில் இருக்கிற அடுப்பெல்லாம் அவனைச் சுற்றி எரிகிறது, தகரக் கூரை எல்லாம் பழுத்துப்போய் இருக்கிறது, நடுவில் அவன் மேல் பனி உருகவில்லை. நீலாவதி குழந்தையை எட்ட நின்று தூக்கிக் காட்டுகிறாள். அவன் சிரிக்க ஆரம்பித்தான், இன்னும் சிரித்து முடியவில்லை.

கேள். என் வாழ்க்கையில் சொன்ன விலையிலிருந்து நான் இறங்காத நாள் கிடையாது, இறங்கத்தான் கூட்டிச் சொல்வேன், அதுதான் தொழில். உன் வாசலில் பாதி கேட்டேனே, என் தம்பியைப் பாதியாய்க் கேட்ட அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஒன்றேகால் கிலோவும் வேண்டும். நான் வாய் கொடுத்ததற்கு, நான் சிரித்ததற்கு, என் தண்டனையை நான் வாங்கிக்கொள்கிறேன், அதை உன் தலையில் வைக்கமாட்டேன். உன் பங்கை மட்டும் நீ செய். நீ மொட்டைமாடிக்கு ஏறித் தூக்கினால் சிலிண்டர் உன்னோடு வரும். நீ தொட்டால் வால்வு திரும்பும். குளித்துத் தீர்த்தது போக மிச்சம் போதாது என்றால், சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்மில் இறங்கிச் சுருளைக் கட்டிப் பிடி, நீ அவனிடமிருந்து எடுத்தது உன் தோலுக்குள்தானே இருக்கிறது, அது போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

நாளை விடிந்ததும் குழாயைத் தொடாதே. ஒரு சொம்புகூட ஊற்றிக்கொள்ளாதே. அழுக்கோடு வா. வந்து உன் கையால் திற.